கீழடியில் வீதி தெரிகிறது, தஞ்சையில் தீண்டாச்சேரி ஏன் தெரியவில்லை?

கொந்தகையில் தோண்டி எடுத்த இரண்டு மண்டை ஓடுகளுக்கு 2025இல் முகம் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கொடுத்த தரவுகளை வைத்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் கணினியில் அந்த முகங்களை உருவாக்கியது. கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடு என்று கருதப்படும் ஊர் கொந்தகை. நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டன, வாட்ஸப்பில் எல்லாக் குழுக்களிலும் வந்தது. 'இதோ நம் மூதாதை' என்று எல்லாச் சாதிக்காரர்களும் பகிர்ந்தார்கள். பக்கத்துத் தெருக்காரன் தன் கோயிலுக்குள் வரக் கூடாது என்று சொல்கிறவனும் பகிர்ந்தான்.

எனக்கும் அந்த முகங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சிதான். கீழடியை மூடி மறைக்க ஒன்றிய அரசு செய்த வேலைகளை நாம் மறக்கவில்லை. 2014இல் தொடங்கிய அகழாய்வை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணனை 2017இல் அசாமுக்குத் தூக்கி அடித்தார்கள். அவர் 2023 சனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை வெளியிடாமல் வைத்திருந்து, 2025 மே மாதம் திருத்தி எழுதச் சொன்னார்கள். வேதத்துக்கு வெளியே ஒரு நகர நாகரிகம் இருந்தது என்பதே அவர்களுக்கு எரிச்சல். அந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. இன்று தொல்லியல் துறையின் கையில் மண்வெட்டியும் தூரிகையும் மட்டும் இல்லை. முப்பரிமாண வருடி, ட்ரோன், மெய்நிகர்க் கண்ணாடி, கணினி வரைகலை எல்லாம் வந்துவிட்டன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் தொடுதிரையும் அசைபடமும் இருக்கின்றன. இனி வரும் தலைமுறை வரலாற்றைப் படிக்கப் போவதில்லை, பார்க்கப் போகிறது. அப்படியானால், அந்தக் காட்சிக்குள் யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்று முடிவு செய்பவர் யார்? இதைக் கேட்காமல் கைதட்டிக்கொண்டிருந்தால் நாளை நம் பிள்ளைகள் பார்க்கப்போகும் பழந்தமிழகத்தில் நாம் இருக்கமாட்டோம்.

எலும்பு சொன்னது எது, கணினி சொன்னது எது?

மண்டை ஓட்டிலிருந்து முகம் செய்வது மந்திரமில்லை. எலும்பின் அமைப்பைப் பார்த்துத் தசை எவ்வளவு தடிமன், மூக்கு எவ்வளவு அகலம், தாடை எப்படி என்று கணக்கிட வழிமுறை இருக்கிறது. ஆனால் தோலின் நிறம் எலும்பில் எழுதியிருக்காது. தலைமுடியை எப்படி வாரியிருந்தார், காதில் என்ன அணிந்திருந்தார் என்பதும் தெரியாது. அவற்றை இன்றைய தென்னிந்திய மக்களைப் பார்த்து ஊகித்துத்தான் போடுகிறார்கள். அது தவறில்லை, ஆய்வாளர்களும் அதை ஒளிக்கவில்லை. ஆனால் திரையில் வரும்போது எலும்பு சொன்னதும் ஊகம் சொன்னதும் ஒரே முகமாகிவிடுகின்றன. கோடு எங்கே முடிந்தது, வண்ணம் எங்கே தொடங்கியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

ஒரு முகத்துக்கே இப்படி என்றால் முழு ஊருக்கு? கீழடியில் செங்கல் சுவர் கிடைத்தது. உறைகிணறு, கூரை ஓடு, கீறல் குறியீடுகளும் தமிழி எழுத்துகளும் உள்ள பானை ஓடு, விளையாட்டுக் காய் எல்லாம் கிடைத்தன. இவற்றை வைத்து ஒரு மெய்நிகர் ஊரைக் கட்டும்போது சுவருக்கு மேலே கூரை வேய வேண்டும், கூரைக்குக் கீழே ஆள்களை உட்கார வைக்க வேண்டும். கிணற்றடியில் யார் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று வரைய வேண்டும். அந்த இடத்தில் வரைகலைஞர் ஒரு சமூகவியல் முடிவை எடுத்துவிடுகிறார். அவருக்கே தெரியாமல் எடுக்கிறார் என்பதுதான் சிக்கல். உறைகிணற்றைத் தோண்டி எடுத்துவிடலாம். அதில் யார் பானையை இறக்கக் கூடாது என்ற கட்டளை அன்று இருந்ததா, இல்லையா என்பது மண்ணில் பதிவதில்லை.

இந்தச் சிக்கல் உலகம் முழுக்கத் தெரிந்ததே. அதனால்தான் 2006இல் இலண்டன் சாசனம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துகிறவர்களுக்கான நெறிமுறை அது. எது சான்று, எது கருதுகோள், எந்த அடிப்படையில் முடிவெடுத்தோம் என்பதைப் பதிவு செய்து பார்ப்பவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் மக்கள் வரிப்பணத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மெய்நிகர்க் காட்சிக்கும் இந்த நெறி கட்டாயம் என்று அரசு அறிவிக்கட்டும். இது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் இல்லை.

சாசனம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே இதைச் செய்து காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948இல் அவர் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலின் முன்னுரையைப் படித்துப் பாருங்கள். சான்றுகளின் சங்கிலி அறுந்து கிடக்கும் இடத்தில் தான் ஊகத்தையும் கற்பனையையும் பயன்படுத்தியிருப்பதை வெளிப்படையாகச் சொல்கிறார். ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கும் காரணம் சொல்கிறார். தன் முடிவே இறுதி என்று அவர் உரிமை கோரவில்லை. எழுதி வைக்கப்படாத மக்களின் வரலாற்றை மீட்க ஊகம் தேவை, அதை ஊகம் என்று சொல்லும் நேர்மையும் தேவை. இரண்டும் சேர்ந்ததுதான் அம்பேத்கரிய வரலாற்று முறை.

மண்டை ஓட்டை அளந்தவர்கள்

எலும்பையும் மூக்கையும் அளப்பதற்கு இந்த மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களைப் பிடித்து நிறுத்தி மூக்கின் நீள அகலத்தை அளந்தார். 1909இல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று ஏழு தொகுதிகள் வெளிவந்தன. மூக்கு அகலமானால் தாழ்ந்த சாதி, கூர்மையானால் உயர்ந்த சாதி என்ற 'அறிவியல்' அந்தக் காலத்தில் கொடி கட்டிப் பறந்தது. அதே மூக்களவை எடுத்து அம்பேத்கர் திருப்பி அடித்தார். உங்கள் அளவையே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றல்லவா வருகிறது என்று கேட்டார்.

கொந்தகை முகத்தைப் பார்த்து 'இது எங்க சாதிக்காரர் முகம்' என்று முகநூலில் உரிமை கொண்டாடக் கிளம்புகிறவர்கள் தர்ஸ்டனின் பேரப்பிள்ளைகள். மரபணு ஆய்வு வந்தாலும் முப்பரிமாண முகம் வந்தாலும், சாதிக்கு ஒரு பழம்பெருமை தேடும் நோய் புதிய கருவியைப் பிடித்துக்கொள்ளும்.

கீழடி சாதியற்றதா?

நம் தோழர்கள் சிலரே மேடையில் சொல்கிறார்கள்: 'கீழடியில் சாதி இல்லை, மதம் இல்லை.' பெரிய வழிபாட்டுக் கட்டடம் ஏதும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சாமி சிலை கிடைக்காததால் சாதி இல்லை என்று எப்படிச் சொல்வது? சாதிக்கு என்று தனியாகப் பானை ஓடு கிடையாது. அது மனிதர்களுக்கு இடையிலான உறவு.

சங்க இலக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் நேர்கோடாக ஒன்றும் இல்லை. அகநானூற்றில் ஒரு பாடல், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் சங்கை அறுத்து வளையல் செய்வதைச் சொல்கிறது. இன்றைய சாதி வரைபடத்தை அப்படியே அங்கே ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் குவியலாகக் கிடைத்தன. அந்தச் சங்கை அறுத்த கை யாருடையது? இன்றைய எந்தச் சாதிக்காரரும் அவசரப்பட்டுக் கை தூக்க வேண்டாம்.

அதே சங்க இலக்கியத்தில்தான் புலையன், இழிசினன் என்ற சொற்களும் இருக்கின்றன. அவை பிற்காலத் தீண்டாமையைக் குறித்தனவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதம் முடியாத ஒன்றை முடிந்ததுபோல் காட்டும் வேலையைத்தான் வண்ணக் காட்சி செய்கிறது. எல்லோரும் சிரித்தபடி சந்தையில் நெல் அளக்கும் ஒரு பழந்தமிழ் ஊரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை என்ன நினைக்கும்? 'சாதியெல்லாம் வெளியிலிருந்து வந்தது, நாம் நல்லவர்கள்தான்' என்று நினைக்கும். இன்றைய ஆதிக்கச் சாதிக்காரனுக்கு இதைவிட வசதியான வரலாறு வேறு கிடையாது. குற்றமெல்லாம் ஆரியர் தலையில், அரிவாள் மட்டும் இவன் கையில்!

கீழடி அருங்காட்சியகக் கட்டடத்தையே பாருங்கள். செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் 2,500 ஆண்டுக்கு முந்தைய மக்களின் பானையையும் மணியையும் வைக்க, பர்மா, மலேயா வணிகத்தில் செழித்த தனவணிகர் வீட்டு முகப்புதான் நினைவுக்கு வந்தது. 'தமிழர் பண்பாடு' என்றதும் ஒரு வளமான சாதியின் வீடு தானாகவே மனத்தில் எழுகிறது. அதே மனம்தான் மெய்நிகர் ஊரையும் கட்டப்போகிறது.

கல்லில் இருப்பதையே காட்டாதவர்கள்

'கீழடியில் சான்று இல்லை, அதனால் காட்டவில்லை' என்று சொல்லலாம். சரி, சான்று இருக்கும் இடத்துக்கு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் பட்டியல் இருக்கிறது. வரி விதிக்காத நிலங்கள் எவை என்று ஊர் ஊராகச் சொல்கிறது. ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பட்டியல் போகிறது. சுடுகாடு தனியாகவும் பறைச்சுடுகாடு தனியாகவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செத்த பிறகும் எரிக்கும் இடம் வேறு. இதை நான் சொல்லவில்லை, இராசராசனின் கல்வெட்டு சொல்கிறது.

இப்போது சோழர் காலத்தைக் கணினியில் எத்தனை முறை கட்டிவிட்டார்கள்! 2022இல் 'பொன்னியின் செல்வன்' வந்தது. யூடியூபில் பெரிய கோயிலின் முப்பரிமாணக் காணொளிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. விமானத்தின் உயரம் எவ்வளவு, உச்சிக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களில் தீண்டாச்சேரி எந்தத் திசையில் இருந்தது என்று யாராவது காட்டியதுண்டா? பறைச்சுடுகாட்டுக்கு எந்த வழியாகப் பிணத்தைத் தூக்கிப் போனார்கள் என்று யாராவது வரைந்ததுண்டா? இங்கே சான்று இல்லாமல் இல்லை. காட்டும் மனம்தான் இல்லை.

உரோமாபுரிக்கும் இந்த நோய் இருந்தது. கி.பி. 320இல் இருந்த உரோமை ஏறக்குறைய 7,000 கட்டடங்களோடு கணினியில் கட்டினார்கள். பளிங்கு மண்டபங்கள் பளபளத்தன. அந்தப் பளிங்கை வெட்டிச் சுமந்த அடிமைகள் எங்கே? கட்டடத்தை மட்டும் மீட்டெடுக்கும் தொழில்நுட்பம் கட்டியவனை மறுபடியும் புதைக்கிறது.

எங்கள் பக்கம்

நான் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆள். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம். குண்டாற்றில் தண்ணீர் வருவதைக் கதையாகத்தான் சொல்வோம். மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருப்புவனம், கீழடி. பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்குத் தொல்லியல் வந்து சொல்ல வேண்டிய சாதி வரைபடம் ஏற்கனவே கண்முன் கிடக்கிறது. எந்த ஊருணியில் யார் குடம் வைக்கக் கூடாது என்பது எங்கள் பாட்டிகளுக்கு மனப்பாடம். எந்தத் தெரு வந்ததும் செருப்பைக் கழற்ற வேண்டும், சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்று தாத்தாக்கள் அடையாளம் காட்டுவார்கள். மண்ணுக்குள் 2,500 ஆண்டுகள் இருந்தது அழியவில்லை. இவர்கள் தலைக்குள் இருப்பது இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அழிந்துவிடும். எது அவசரம்?

திருச்சுழிக்குத் தெற்கே கமுதி. 1897இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் தீட்டுப்பட்டது என்று இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்றவர் என்று கொண்டாடப்படுகிறவர் அவர்தான். வழக்கு மதுரையில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றம் போய், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1908இல் அங்கேயும் நாடார்கள் நுழைய உரிமையில்லை என்றே தீர்ப்பு. இடையில் 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது. இதெல்லாம் நடந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. நீதிமன்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1957இல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டதும், முதுகுளத்தூர்க் கலவரம் பரவியதும் இதே வறண்ட மண்ணில்தான். அன்றைக்கு இவையெல்லாம் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்.

கமுதிக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட வரலாற்றை ஒரு மெய்நிகர்க் காட்சியாகச் செய்தால் எப்படியிருக்கும்? அன்று வாசலில் நிறுத்தப்பட்டு, இன்று தலித்துகளை வேறொரு வாசலில் நிறுத்துகிறவர்கள் அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்க்கட்டும்.

செத்தவருக்கு முகம், சாகப்போகிறவருக்குப் பாதை இல்லை

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஆதிக்கச் சாதியினரின் நிலம் குறுக்கே இருந்தது. தஞ்சைக் கல்வெட்டின் பறைச்சுடுகாட்டுக்கும் இந்தக் கயிற்றுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள். இடுகாட்டு எலும்பை இங்கிலாந்தில் முகமாக்கிப் பெருமைப்படும் நாட்டில், இறந்தவரைத் தூக்கிப்போக நான்கடிப் பாதை கிடைக்கவில்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். அங்கேயும் அறிவியல் வந்தது. மரபணுச் சோதனை என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர்களையே வரிசையில் நிறுத்தினார்கள். 2025 சனவரியில் அந்தத் தலித் மக்களிலேயே மூவர் மீது குற்றப்பத்திரிகை போட்டார்கள். கொந்தகையில் மரபணு பெருமைக்கு, வேங்கைவயலில் மரபணு பழிபோட. கருவியில் குற்றமில்லை. அதைப் பிடித்திருக்கும் கை யாருக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

வேறு விதமாகவும் செய்யலாம்

1784இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட 'லோரோர்' என்ற அடிமைக் கப்பலை வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களை வைத்து முப்பரிமாணத்தில் கட்டியிருக்கிறார்கள். மனிதர்களை எப்படி அடுக்கினார்கள், எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். சிரியாவின் செய்த்னாயா சிறைக்குள் அன்று வெளியார் யாரும் போக முடியாமல் இருந்தது. 2016இல் இலண்டனைச் சேர்ந்த பொரன்சிக் ஆர்கிடெக்சர் குழுவும் அம்னஸ்டி அமைப்பும், உயிர்பிழைத்தவர்களின் நினைவிலிருந்தே அந்தச் சிறையைக் கணினியில் கட்டின. கண்ணைக் கட்டி வைத்திருந்ததால் காதில் கேட்ட ஓசையை வைத்து நடைபாதையின் நீளத்தைக் கணித்தார்கள். ஒடுக்கப்பட்டவரின் நினைவைச் சான்றாக மதித்தால் இந்தத் தொழில்நுட்பம் என்ன செய்யும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

நம்மிடம் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அந்தக் குடிசை எவ்வளவு பெரியது, தெரு எது, எந்தப் பக்கத்திலிருந்து வந்து வளைத்தார்கள்? நீதிமன்ற ஆவணங்களையும் நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலங்களையும் வைத்து அதைக் கட்ட முடியும். மேலவளவையும் கட்ட முடியும். அரசு செய்யாவிட்டால் நாம் செய்வோம்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. மெய்நிகர்க் காட்சி ஒவ்வொன்றிலும் சான்று ஒரு நிறத்தில், ஊகம் வேறு நிறத்தில் தெரிய வேண்டும். காட்சியைத் திட்டமிடும் குழுவில் தலித் வரலாற்றாசிரியர்களும் பெண் ஆய்வாளர்களும் இருக்க வேண்டும். சோழர் காலத்தைக் காட்டும் எந்த அரசு அருங்காட்சியகமும் தீண்டாச்சேரிக் கல்வெட்டைக் காட்டாமல் இருக்கக் கூடாது. வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டி எடுத்த கூலிப் பெண்களின் பெயர்கள் அறிக்கையிலும் திரையிலும் வர வேண்டும். மண்ணுக்கடியில் இருந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம், மண்ணை அள்ளிய முகத்தை எழுதாமல் விடலாமா?

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2025இல் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். வரவேற்போம். ஆனால் பலகையில் பெயர் மாறினால் தெரு நகர்ந்துவிடாது. பெயர் மறைந்த பிறகு, பிரித்து வைத்த வரைபடம்தான் சான்றாக நிற்கும். ஆகவே அதை இப்போதே பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் இருக்கும் செல்பேசி போதும். நூறு படங்களை வரிசையாக எடுத்தால் ஊருணிப் படிக்கட்டை முப்பரிமாணமாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று அந்த வரைபடத்தின் மேல் குறியுங்கள். பாட்டி பேசுவதை ஒலிப்பதிவு செய்து, அந்தந்த இடத்தில் கேட்கும்படி இணையுங்கள். சொன்னவர் யார், எந்த ஆண்டைப் பற்றிச் சொன்னார், எது அவர் கண்ணால் கண்டது, எது கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதுங்கள். படம் வைக்க அஞ்சுபவர்களின் பெயரையும் முகத்தையும் வெளியிடாதீர்கள்.

அயோத்திதாசர் 1907இல் ஒரு பைசா விலையில் பத்திரிகை நடத்தி, ஆதிக்கச் சாதிகள் சொன்ன வரலாற்றுக்கு எதிராக இன்னொரு வரலாற்றை எழுதினார். கையில் இருந்த கருவியை அவர் பயன்படுத்தினார். இன்று நம் கையில் வேறு கருவி இருக்கிறது. அடுத்த கோடை விடுமுறைக்குள் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் ஒன்றுக்கு ஓர் ஊராக நான்கு ஊர்களையாவது முழுமையாகப் பதிவு செய்துவிடலாம். வேலை தெரிந்த தோழர்கள் வாருங்கள், தெரியாதவர்கள் கற்றுக்கொள்ள வாருங்கள்.

ஜெய்பீம்.